டாலிக்கு ஜலதோஷம் இல்லை

பாம்புக்குச் சளி பிடிக்குமா என்று உலகம் யோசிக்கக்கூட ஆரம்பிக்காதபோது, பிடிக்கவே கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றிய பெருமை அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தையே சேரும். ஏரி உறைந்து, மீசை உறைந்து, கார்கள் கிளம்ப மறுத்துக் கிடந்த ஒரு ஜனவரியில் அந்த மகத்தான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதைச் செயல்படுத்த 'பாம்புச் சுவாச நோய் கண்டறிதல் மற்றும் முன்தடுப்பு நிலைக்குழு' உடனே அமைக்கப்பட்டது. அதன் தலைவர், சங்கத் தலைவரான ஆர்வில் லிண்ட்க்விஸ்ட். உறுப்பினரும் அவரே. ஆகவே குழுவில் கருத்து வேறுபாடு என்பதே கிடையாது.

ஆர்வில், காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வராத ஆபத்தைச் சொல்லி அடுத்தவர் வயிற்றில் புளியைக் கரைப்பதில் கைதேர்ந்தவர். பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்கு இதைவிடத் தகுதியான ஆள் எங்கே கிடைப்பார்?

சனிக்கிழமை சங்கத்தின் நோய்த்தடுப்பு மாநாடு. அதற்கு முந்தின நாள் காலை அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்டது.

"மார்லிஸ், கெட்டிலை அணை."

"கெட்டில் எப்பவோ அணைஞ்சாச்சு. உன் மகாராணிதான் கொதிக்கிறா," என்றாள் மனைவி.

மகாராணி என்பது டாலி. சாக்லேட் நிறத்தில் ஒரு சின்ன ஜாதி மலைப்பாம்பு. அவள் கண்ணாடிப் பெட்டியைப் புத்தாண்டன்றுதான் ஆர்வில் ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார். பாவம், ஏரியைப் பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம். ஜன்னல் இடுக்கு வழியாக ஏரியும் தினமும் உள்ளே வந்து டாலியைப் பார்த்துவிட்டுப் போனது, குளிர்காற்றாக.

மார்லிஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "தலையைத் தூக்கிக்கிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்குது. மூக்குல குமிழி வருது. நாளைக்கு நீ மேடையில படிக்கப்போறதை எல்லாம் இது ஒண்ணு விடாம செஞ்சு காட்டுதே!"

"தலைவர் வீட்டுப் பாம்பு. நிமிர்ந்துதான் இருக்கும்."

"குமிழி?"

"உற்சாகம்."

"ஆர்வில், மிருக டாக்டர் ஷியாங்குக்கு போன் போடு."

ஆர்விலுக்கு அந்த விசில் நெஞ்சைப் பிசையத்தான் செய்தது. பாம்புக்கு இருமி வெளியே தள்ளத் தெரியாது. வலிக்கிறது என்று கத்தவும் தெரியாது. உருப்படியாக இருப்பது ஒரே நுரையீரல். ஊரில் இதையெல்லாம் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனால் டாக்டர் ஷியாங்கின் மருத்துவமனை கடைத்தெருவின் நடுவில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியோடு இருந்தது. முன்தடுப்புக் குழுத் தலைவர் பாம்புப் பையோடு அங்கே உட்கார்ந்திருப்பதை ஒருவர் பார்த்தால் போதும். நாளை நடக்கவிருக்கும் சங்கத்தின் 'வாழ்நாள் தலைவர்' தேர்தல் அதோடு முடிந்தது.

"திங்கட்கிழமை போகலாம்."

"அதுவரைக்கும் அதுக்கு மூச்சு இருக்கணுமே! சரி, வீட்லயாவது விட்டுட்டுப் போ."

"தலைவர் பாம்பு இல்லாம வந்தா, பாம்புக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சுடுவாங்க!"

"சரியில்லைதானே?"

"ஜலதோஷம்கூட இல்லை, மார்லிஸ்."

மாநாடு, தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடியது. கோட்டுக்குள் துணிப்பை, துணிப்பைக்குள் பாம்பு என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். டுலூத்காரர்களின் மரியாதை சாதாரணமானதல்ல. அவர்கள் காலை நீங்கள் மிதித்தால், அவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள். தட்டில் கடைசியாக மிஞ்சும் எலுமிச்சை கேக்கை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று வெட்டி வெட்டி, கடைசியில் எறும்புகூட அதை வேண்டாம் என்று சொல்லிவிடும். அவர்களுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்று: "வித்தியாசமா இருக்கே."

சங்கத்தின் சம்பிரதாயப்படி முதலில் 'வரவேற்புச் சுற்று'. தலைவரின் பாம்பு கை மாறிக் கை மாறி எல்லோரிடமும் போய்வரும். அதன்பின் அவரவர் தம் பாம்பைத் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

டாலி விசிலடித்தபடி புறப்பட்டாள். முதலில் வாங்கியவர் பொருளாளர் வெர்னா பெல்கோனென்.

"டாலி இன்னிக்கு..." வெர்னா வார்த்தையைத் தேடினார். "நல்லா... குரலோட இருக்கா."

"பாடுறா," என்றார் ஆர்வில்.

"ஓ! வித்தியாசமா இருக்கே."

அந்த ஊரில் இது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஆர்வில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்து கஸ் மாக்கி. மணிக்கட்டில் ஒட்டிய கோழையைக் கால்சட்டையில் துடைத்தார். "கொஞ்சம் ஈரமா இருக்கா, பாவம்."

"பனி."

"கூடத்துக்குள்ளயா?"

"வர்ற வழியில."

"அட ஆமா, பனிதான்," என்று சிரித்து, டாலியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார் கஸ். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் தலைவரின் மனம் புண்படாதா?

சுற்று முடிந்து டாலி ஆர்விலிடம் திரும்பி வந்தாள். அவள் உடம்புக்குள் ஏதோ கரகரவென்று அதிர்வது அவர் விரல்களில் தெரிந்தது. ஒரு நிமிடம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் கைதட்டல் எழுந்தது. மேடையேறிவிட்டார்.

"முதல் அறிகுறி, விசில் போன்ற மூச்சு!" என்று முழங்கினார். டாலி விசிலடித்தாள். கரவொலி. "இரண்டாவது, மூக்கில் குமிழி!" கஸ் தம் கால்சட்டையைப் பார்த்தார். "பின்பு பாம்பு வாயைத் திறக்கும், தலையை வானத்தை நோக்கித் தூக்கும்!" கூடமே டாலியைப் பார்த்தது. உடனே, மரியாதை கருதி, கூரையைப் பார்த்தது.

"தடுப்பது எப்படி? பெட்டிக்குள் இதமான சூடு வேண்டும். ஜன்னலோரம் கூடவே கூடாது. நோயுற்ற பாம்பைத் தனியே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாம்பைத் தொட்ட கையைக் கழுவாமல் இன்னொன்றைத் தொடாதீர்கள்!"

அவரவர் பாம்பை அவரவர் தடவிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. மூலையில் குழாய் இருந்தது, சோப்பும் இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. தலைவர் முன்னால் கை கழுவினால் அவரைக் கை கழுவியதுபோல் ஆகிவிடாதா?

"யாருக்காவது சந்தேகம்?"

கடைசியில் கஸ் கையை உயர்த்தினார். ஆர்வில் டாலியின் தலையைக் கோட்டுக்குள் மறைத்தார்.

"சாப்பாட்டு மேஜையில இருக்கிற அந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் யார் செஞ்சது? பிரமாதம்!"

ஆர்வில் ஒருமனதாக வாழ்நாள் தலைவர் ஆனார்.

திங்கட்கிழமை பின்வாசல் வழியாக மருத்துவமனைக்குள் நுழைந்தார். டாக்டர் ஷியாங் வெளியூர்க்காரி. உள்ளூர் மரியாதை இன்னும் படியவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"மாநாடு இருந்தது."

"எதைப் பத்தி?"

ஆர்வில் சொன்னார். டாக்டர் டாலியின் வாயைத் திறந்து பார்த்தாள்.

"நுரையீரல் பாதி அடைச்சுப்போச்சு. வாரக்கணக்குல ஊசி போடணும். பிழைச்சா அது உங்க அதிர்ஷ்டம், உங்க கெட்டிக்காரத்தனம் இல்லை."

டாலி தாக்குப்பிடித்தாள். விசில் குறைந்தது. தலை தாழ்ந்தது. அந்த மாதக் கடைசியில் ஊசி போட வந்த ஆர்வில், தைரியம் வந்து, முன்வாசல் வழியாகவே நுழைந்தார். நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. சங்கம் முழுவதும் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒவ்வொரு சுருதியில் விசில்.

"என்ன கஸ், இந்தப் பக்கம்?"

"சும்மா... நகம் வெட்டலாம்னு."

பாம்புக்கு ஏது நகம் என்று யாரும் கேட்கவில்லை. ஆர்விலும் கேட்கவில்லை. அவர் பார்வை எல்லா மடிகளையும் சுற்றிவந்து தரையில் நின்றது.

வெர்னா எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது, புன்னகை மட்டும் குறையவில்லை. தம் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஆர்விலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்தோம். அன்னிக்கு நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் எங்க வீட்டுல அப்படியே நடந்தது."

"அய்யோ, எனக்கு எதுக்கு நன்றி..."

"இல்லை, சொல்லத்தான் வேணும். மத்தவங்க மாநாடு போட்டா நோயைப் பத்திப் பேசிட்டுக் காபி கொடுத்து அனுப்பிடுவாங்க. நீங்கதான் வாழ்நாள் தலைவரே, நோயையே ஆளுக்கொண்ணா கையில கொடுத்து அனுப்பினீங்க."