கல்யாணச் சட்டையில் ஒரு பல்லுறுப்பி

கல்முனையில் x³, x² என்று நீளுகிற பல்லுறுப்பிகளைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் எங்கள் தெருத் தையல்காரி மீதி ராத்தாதான். இணைந்த கணிதம் படிப்பிக்கிற சேருக்குக்கூடக் கொஞ்சம் பயம் இருந்தது. அது மீதி ராத்தாவைக் கண்டு.

ராத்தாவின் கடைக்கும் சேரின் ஏ.எல். டியூட்டரிக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்ட ராத்தா, வருடா வருடம் சேர் படிப்பித்த அதே பாடங்களை மெஷின் மிதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வகையீடு, தொகையீடு எல்லாம் "காத்துல ஊடு கட்டுற வேல" என்பார். பிடித்தது மீதித் தேற்றம் மட்டும்; பேரும் அதனால் வந்ததுதான். ஒரு பல்லுறுப்பியை x − 3 ஆல் வகுத்தால் என்ன மிஞ்சும் என்று அறிய, நீட்டி நீட்டி வகுக்க வேண்டாம். x இருக்கிற இடமெல்லாம் மூன்றைப் போட்டால் போதும். துணியை வெட்டாமலே மிச்சத்தைச் சொல்கிற வித்தை. தையல்காரிக்குப் பிடிக்காமல் இருக்குமா?

நான் அங்கே படித்த வருடம் ஒருநாள், சேர் பலகையில் மீதி பன்னிரண்டு என்று எழுதினார். பக்கத்தில் மெஷின் நின்றது.

"சேர், அது மைனஸ் பன்னெண்டு" என்றது தகரம்.

சேர் பலகையைப் பார்த்தார், அழித்தார், திருத்தினார். மெஷின் மறுபடி ஓடியது. அன்றிலிருந்து அவர் விடை எழுதியதும், மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவார்.

கணக்குப் போட ராத்தாவிடம் கொப்பி கிடையாது. தையல் சோக்கால் துணியின் உள்பக்கத்தில் போட்டுப் பார்ப்பார், தைக்கும்போது தட்டிவிடுவார். சாரிக்குத் தைத்த என் கல்யாணச் சட்டையில் மட்டும் தட்ட மறந்துபோனார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளையின் உம்மா உடுப்புப் பார்க்க வந்தார். சட்டையைப் புரட்டினார். லைனிங்கில் x³ − 2x² − 5x + 6.

"இதென்ன எழுத்து புள்ள? ஆரு செஞ்ச வேல இது?"

வெறும் கணக்குத்தான் என்று நான் சொன்னது மாமியின் காதில் ஏறவில்லை. சூனியம் என்றே முடிவு கட்டிவிட்டார். "கலியாணத்தத் தள்ளி வெப்பம்" என்றார். வாப்பா செருப்பும் போடாமல் ராத்தாவைக் கூட்டிவர ஓடினார்.

ராத்தா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தோம். சட்டையைப் பார்த்ததும், "அட, இத முடிக்கல்லயே" என்றார்.

"மாமி, இது சூனியமில்ல, கணக்கு. x − 2 ஆல பிரிச்சா..."

"கலியாண ஊட்டுல என்ன பிரிக்கிற கதை?"

"கணக்கத்தான் மாமி. பிரிச்சா மைனஸ் நாலு வரும்."

"மைனஸ் எண்டா?"

"குறை."

என் உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப குறையில்லாமச் செய்" என்றார் மாமி.

"கணக்க மாத்தேலா மாமி." பொய்யாய் ஒரு விடை சொல்லிவிட்டுப் போகிற மனுசி இல்லை அவர். கண்ணை மூடி உதடசைத்தார். "ஆனா எதால பிரிக்கிறதெண்டத மாத்தலாம். மூண்டப் போட்டா இருவத்தேழு. பதினெட்டுப் போக ஒம்பது. பதினஞ்சு போக மைனஸ் ஆறு. ஆறக் கூட்டினா பூச்சியம். x − 3 ஆல பிரிச்சா குறையுமில்ல, மிச்சமுமில்ல."

மாமி சட்டையை ராத்தாவிடம் நீட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அதையும் எழுதி உடு."

ராத்தா அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. முதுகில் பூச்சிய மீதியோடு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இந்தக் கிழக்குக் கரையில் நான் ஒருத்திதான்.

இப்போது என் உடுப்பெல்லாம் ரெடிமேட். ஆனாலும் ஊருக்குப் போனால், தைக்க ஒன்றும் இல்லாமலே ராத்தாவின் முன்னால் அளவு கொடுக்கப் போய் நிற்பேன். அவரும் துணி எங்கே என்று கேட்காமல் தோளை அளந்து பார்த்துவிட்டு, "மெலிஞ்சி போனாய் புள்ள" என்பார்.