ஏரியைத் திருப்பிய கதை

ஏரிமுகம் குடியிருப்புக்கு நீண்ட, பெருமைமிக்க வரலாறு உண்டு. போன தேர்தலுக்கு முந்தின தேர்தலின்போது அது தொடங்கியது. நகராட்சிக்குப் புதுக் கட்டடம் கட்ட மண் வேண்டியிருந்தது, தோண்டினார்கள். மூட மறந்தார்கள். மழை பெய்தது. குழிக்குக் கரையும், கரைக்குப் பளிங்கு பெஞ்சும், பெஞ்சுக்குப் பின்னால் மாளிகைகளும் வந்த பிறகு, அதைக் குழி என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இதற்கெல்லாம் முன்பே அங்கே ஒரு வீடு இருந்தது. தையலக்காவின் வீடு. முன்னறையில் தையல் மெஷின், அடுத்து சமையலறை, கடைசியில் குளியலறை. கால்சட்டைக்கு உயரம் குறைக்க வருகிறவர்கள் தெரு வழியாக வருவதால் வாசல் தெருவைப் பார்த்திருந்தது. ஏரியைப் பார்த்தது குளியலறை ஜன்னல் மட்டும்தான். அந்த வட்டாரத்திலேயே சிறந்த காட்சி அந்த ஜன்னலுக்குத்தான் என்று வீட்டுத் தரகர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பகுதிகளின் குணநலத்தைப் பாதுகாப்பது அப்போது எல்லா ஊர்களிலும் மோஸ்தராக இருந்தது. எனவே இங்கும் ஒரு குணநலப் பாதுகாப்பு அதிகாரி நியமிக்கப்பட்டார். ஒருநாள் காலை அவர் தையலக்காவின் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, உங்க வீடு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பகுதியோட குணநலத்துக்கு இது பங்கம்."

"வீடு கட்டினப்ப ஏரியே இல்லீங்க சார்."

"வீடுதான் கொஞ்சம் முன்யோசனையோட இருந்திருக்கணும். மாசக் கடைசிக்குள்ள ஏரிப் பக்கம் திருப்பிடுங்க. இல்லேன்னா இடிச்சிடுவோம். இடிச்ச வீட்டுக்கு முதுகு கிடையாது."

கட்டிலில் படுத்திருந்த அக்காவின் புருஷன் தலையைத் தூக்கினார். "ஸ்டூலை நகத்தவே இவ என்னைத்தான் கூப்பிடுவா. வீட்டைத் திருப்பச் சொல்றீங்களே, ஒரு பக்கம் நீங்க பிடிப்பீங்களா சார்?"

"அது என் பணியில் வராது" என்றார் அதிகாரி.

அக்காவுக்கு இருக்கிறது ஒரே வீடு, அதிலேதான் பிழைப்பும். ஆனால் பயம் வந்தால் அவளுக்கு வாய் நீண்டுவிடும்.

"கால்சட்டை பொருந்தலேன்னா நான் ஆளை வெட்டறதில்ல, துணியைத்தான் வெட்டறேன். வீட்டுக்கு ஏரி பொருந்தலேன்னா ஏரியைத் திருப்புங்களேன்."

அதிகாரி பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். வீடு தனியார் சொத்து. திருப்ப மின்சாரம், குடிநீர், தீயணைப்பு என்று எல்லாத் துறைகளிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஏரி அரசாங்கச் சொத்து. ஒரு கையெழுத்து போதும்.

"இது ஏன் யாருக்கும் தோணல?" என்று அவர் மனமார வியந்தார்.

இயந்திரங்கள் வந்தன. அக்காவின் வாசலுக்கு முன்னால் தெருவைத் தோண்டி, ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் பக்கம் பள்ளம். விதிகளைப் படிக்காத தண்ணீர் மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் அக்காவின் படியில் அலை அடித்தது. மாளிகைகளுக்கு முன்னால் சேறும், ஒற்றைச் செருப்பும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிஞ்சின.

"வீடு தப்பிச்சுது" என்றார் புருஷன்.

"தெரு போச்சே. கஸ்டமர் நீந்தியா வருவான்?" என்றாள் அக்கா.

அன்று மாலையே மாளிகைவாசிகள் சங்கத்தின் தலைவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து, குளியலறை ஜன்னலில் வந்து நின்றார். "தங்கச்சி, எங்க எல்லாருக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. மூணு மாடி வீட்டை எப்படிம்மா திருப்பறது? நீ கேட்டுத்தானே ஏரியைக் குடுத்தாங்க. நீயே திருப்பி எடுத்துக்கச் சொல்லேன்."

இருவரும் சேர்ந்து போனார்கள். அதிகாரி வருந்தினார். "ஒரு ஏரியை ஒரு நிதியாண்டுல ஒரு தடவைதான் திருப்பலாம்." பிறகு அக்காவை மரியாதையோடு பார்த்தார். "நீங்க சொன்ன வழிதான் இதுக்கும். ஆளை வெட்டக் கூடாது, துணியை வெட்டணும். தண்ணி அங்கேயே இருக்கட்டும். ஆணையைத் திருத்திடுவோம்."

ஆணை வந்தது. சேறு இருக்கும் இடம் ஏரி. தண்ணீர் இருக்கும் இடம் தெரு. மாளிகைவாசிகள் மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்து, "இன்னிக்கு ஏரி ரொம்ப அமைதியா இருக்கு" என்றார்கள். அதில் வழுக்கி விழுந்த இருவரைக் காப்பாற்றியதற்காக நீச்சல் வீரர் ஒருவருக்கு விருது கிடைத்தது. வாடிக்கையாளர்களை அக்காவின் புருஷன் படகில் ஏற்றி வந்தார். ஹெல்மெட் போடாததற்குப் போக்குவரத்துக் காவலர் அவரை ஒருமுறை எச்சரித்து விட்டார்.

அடுத்த வாரம் அதிகாரியும் அதே படகில் வந்தார்.

"அம்மா, ஏரி பழைய இடத்துக்கே போயிடுச்சு. அதனால உங்க வீடு மறுபடியும் முதுகைக் காட்டுது. மாசக் கடைசிக்குள்ள..."

அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். இந்த முறை அவள் பதறவில்லை.

"எங்க வீட்டு வாசல் குளியலறைதான்னு ஒரு ஆணை போட்டுடுங்க சார்."

போட்டார். அரசாங்கம் அங்கீகரித்த ஒரே பழைய வாசல் என்பதால் அதை அளந்து பார்க்கக் கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். சங்கத் தலைவர்தான் முதலில் தன் மாளிகையின் முகப்பை இடித்துவிட்டு அங்கே குளியலறையைக் கட்டினார். பிறகு எல்லோரும் கட்டினார்கள்.

இன்று ஏரிமுகத்தில் எந்த மாளிகைக்குப் போனாலும் குளியலறை வழியாகத்தான் நுழைய வேண்டும். அது அந்தப் பகுதியின் தொன்மையான மரபு. விருந்தினர் ஒருமுறை தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அவர் வெளியே வரும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.