வாசல் இல்லாத தேவாலயம்

எழுந்தான். பல் தேய்த்தான். சட்டையை இஸ்திரி போட்டான். காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு சாப்பாட்டு மேசை மேலிருந்த ஊர்ச் சதுக்கத்தைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினான்.

அட்டையில் செய்த சதுக்கம். கட்டடக்கலைப் படிப்பின் கடைசித் தேர்வுக்கு ஒரு தேவாலயத்தையும் அதைச் சுற்றிய பொதுச் சதுக்கத்தையும் வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். போன வருடம் இதே பாடத்தில் ஊற்றிக்கொண்டான். இந்த முறையும் ஊற்றிக்கொண்டால் அப்பாவின் டயர் கடைதான். அப்பா அவனுக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

எந்நேரமும் கையில் ஸ்கேலோடு திரிவதால் வீட்டில் அவனுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர்.

சதுக்கம் அமர்க்களமாக வந்திருந்தது. பஞ்சு மரங்கள், பெஞ்சுகள், நீரூற்று. நடுவில் மட்டும் காலி. தேவாலயத்தை மரப்பலகையில் வெட்டி ஒட்டித் தரச் சொல்லி லேசர் கடையில் கொடுத்திருந்தான். அதை வாங்கி வருவது அக்காவின் பொறுப்பு.

தேர்வு அறைக்கு வெளியே அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

“கடையில ஒரே கூட்டம்டா. அந்தம்மா ஃபோன்ல யாரையோ திட்டிக்கிட்டே மேசையைக் கை காட்டினாங்க. எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.”

பிரித்தான். முகம் செத்துப்போனது.

“என்னக்கா இது, பாதி சைஸ்தான் இருக்கு?”

“சாமி பாவம், ஒத்த ஆளு. இது போதாதா?”

“வாசல் எங்கக்கா?”

அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகப்பில் வட்ட ஜன்னல் இருந்தது. அவன் வரைந்ததுதான். சரிவான கூரை இருந்தது. அதுவும் அவன் வரைந்ததுதான். வாசலையும் மணிக்கூண்டையும் மட்டும் காணோம்.

“வெட்ட மறந்துட்டாங்க போல.”

கடைக்கு ஃபோன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

உயரம் கூட்டுவதற்காக அக்காவின் டிபன் பாக்ஸ் மேல் தேவாலயத்தை ஏற்றி வைத்தான்.

“இப்ப டிபன் பாக்ஸ்தான்டா எடுப்பா தெரியுது.”

இறக்கினான். பிளேடை எடுத்து வாசல் வெட்டப் போனான். பிளேடு ஒடிந்து சுவரிலேயே குத்திக்கொண்டு நின்றது. அதை மறைக்க நீரூற்றின் ஓரத்திலிருந்து ஒரு மரத்தைப் பிடுங்கினான். மரத்தோடு நீரூற்றும் வந்தது.

அப்போதுதான் கல்யாண ஊர்வலம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை, பெண், பின்னால் உறவுக்கூட்டம். எல்லாம் நகத்தளவு பிளாஸ்டிக் ஆட்கள். வாசலைப் பார்த்து வரிசையாக ஒட்டியிருந்தான். இப்போது மாப்பிள்ளையும் பெண்ணும் நேராகச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

“கல்யாணம்னா அப்படித்தான்டா,” என்றாள் அக்கா.

“சிரிக்காதக்கா. நான் டயர் கடைக்குப் போயிடுவேன்.”

“சரி சரி. எல்லாரையும் அந்தப் பக்கமாத் திருப்பி ஒட்டு.”

பிடுங்கினான். பசை கெட்டியான பசை. பாதிப் பேருக்குத் தலை மட்டும் கையோடு வந்தது. மிச்சப் பேரைத் திருப்பி ஒட்டியதும், கல்யாணக் கோஷ்டி முழுவதும் தேவாலயத்தைக் கண்டு தலைதெறிக்க ஓடுவதுபோல் ஆகிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் அவனைக் கவிழ்த்த பேராசிரியர். பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வெள்ளைத் தாடிக்காரர்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஏம்ப்பா, சதுக்கம் இவ்வளவு பெருசு, சர்ச் இத்துனூண்டு. உள்ள யார் போறது?”

“யாரும் போக வேண்டாம் சார்,” என்றான் ஸ்கேல். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“வாசல் எங்க?”

“வாசல் இல்ல சார். வாசல்னு ஒண்ணு வெச்சா உள்ள, வெளியன்னு ரெண்டாயிடும். யாராவது ஒருத்தர் வெளியவே நின்னுடுவாங்க. இதுல யாரும் வெளிய இல்ல சார். சதுக்கம்தான் சர்ச்.”

தாடிக்காரர் நிமிர்ந்தார். “இவங்கல்லாம் ஏன் சர்ச்சுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க?”

“ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்க்கிறாங்க சார்.”

“சில பேருக்குத் தலையைக் காணோமே?”

“குனிஞ்சிருக்காங்க சார். ரொம்ப.”

தாடிக்காரர் எழுந்து வந்தார். கூரையைத் தொட்டார். அது கீல் வைத்த மூடிபோலத் திறந்துகொண்டது. கூரை திறக்கும் என்று ஸ்கேலுக்கே அப்போதுதான் தெரியும்.

“இது?”

“வானம் சார்.”

தாடிக்காரர் வட்ட ஜன்னலில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

“முப்பது வருஷமா எல்லாப் பசங்களும் வாசலைப் பெருசாக்கித்தான் கொண்டாந்தாங்க. எடுத்துடணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே! இந்த வருஷத்து முதல் மார்க் இவனுக்குத்தான்.”

“நான் போன வருஷமே சொன்னேன் சார், பையன்கிட்ட சரக்கு இருக்குன்னு,” என்றார் பேராசிரியர்.

வெளியே வந்ததும் அக்கா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்பாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். வராந்தாவில் நின்ற பையன்களெல்லாம் கைதட்டினார்கள்.

ஸ்கேலின் ஃபோன் அடித்தது. லேசர் கடைக்காரம்மா.

“அக்கா, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா!” என்று கத்தினான். “நீங்க மட்டும் வாசல் வெட்ட மறக்கலேன்னா நான் இன்னிக்குத் தொலைஞ்சிருப்பேன்!”

“வாசலா? உங்க சர்ச்சு ரெண்டு கதவு, மணிக்கூண்டு எல்லாத்தோடயும் இங்க மேசை மேலதான் தம்பி இருக்கு. உங்க அக்கா தூக்கிட்டுப் போனதைச் சீக்கிரம் கொண்டாங்க, அது ஒருத்தர் பால்கனியில மாட்ட ஆர்டர் கொடுத்த குருவிக் கூடு.”