கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாவலைக் கையில் எடுத்ததும் அட்டையைத் தடவி, முகர்ந்து பார்த்து, நேராகப் பின்பக்கம் போய், விட்டுப் போனவள் திரும்பி வந்தாளா என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் அத்தியாயத்துக்கு வருகிற இனம். பஸ்ஸில் ஏறினால் போர்டைப் படித்து, டிரைவரைக் கேட்டு, கண்டக்டரைக் கேட்டு, உட்கார்ந்தபின் பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒரு தடவை உறுதி செய்துகொள்வார்கள். கல்யாணம் பண்ணிக்கொண்டால்? அங்கேதான் சிக்கல். பெண்டாட்டிக்குக் கடைசிப் பக்கம் கிடையாது.

தேனி கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஜாஸ்பர் இந்த இனத்தில் அசல் சரக்கு. சின்ன வயதில் பெரியகுளத்தில் ஹாஸ்டலில் இருந்தார். அம்மா இல்லை. அப்பாவுக்கு போடியில் ஏலக்காய் வியாபாரம். லீவு விட்டால் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போக ஆள் வரும். ஜாஸ்பர் மட்டும் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா மறந்திருப்பார். பாவம்தான், யார் இல்லையென்றது? ஆனால் மனுஷர் அந்தப் பெட்டியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய நாவல்களில் வரும் இதே நோய்க்கு அவர்தான் டாக்டர். அநாதையாய் வளர்ந்த கதாநாயகன், தன்மேல் உயிரையே வைத்திருப்பவளைச் சந்தேகப்படும் இடம் வந்தால் போதும், புத்தகத்தோடு சண்டைக்குப் போய்விடுவார்.

"அடேய் கூமுட்டை, அவ நல்லவடா! சின்னதுல யாரோ உன்னைய விட்டுட்டுப் போனதுக்கு இவ என்னடா செய்வா?"

அடுப்படியிலிருந்து மனைவி ஜாய்ஸ் எட்டிப் பார்ப்பாள். "யாரைச் சொல்றீக?"

"கதையில ஒருத்தன்."

"அப்படியா," என்று உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் ஜாய்ஸ் கம்பத்தில் இருக்கும் தங்கை ஏஞ்சல் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துருவேன். போன் மேல போன் போடாதீக. இந்த ஒரு தடவ என்னைய நம்பிப் பாருங்க. இனிமே என்னால முடியாதுங்க."

ஜாஸ்பர் பயந்துவிட்டார். "போடல, போடல. பஸ் ஸ்டாண்டுல நானே வந்து நிப்பேன்" என்றார்.

ஞாயிறு மதியம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாங்கவில்லை. கிளம்பிட்டியா, பஸ் வந்துச்சா, சீட்டு கிடைச்சுதா, ஜன்னலோரமா... அவர் போட்ட போனிலேயே அவளுடைய போனில் சார்ஜ் தீர்ந்தது. சுவிட்ச் ஆஃப் என்று வந்ததும் ஜாஸ்பருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வரமாட்டாள். பைக்கை எடுத்தார், கம்பத்துக்கு விட்டார். சின்னமனூர்ப் பக்கம் எதிரே வந்த தேனி பஸ்ஸில் ஜன்னலோரமாகத்தான் இருந்தாள் ஜாய்ஸ். அவர் எங்கே பார்த்தார்?

"அக்கா அப்பவே பஸ் ஏறிட்டாகளே அத்தான்!" என்றாள் ஏஞ்சல். "நீங்க அங்கன நிப்பீகன்னுல்ல சொன்னாக?"

திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தேனி பஸ் ஸ்டாண்டில் ஜாய்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் திராட்சைப் பொட்டலம். வருகிற போகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உட்கார்ந்திருத்தல் ஜாஸ்பருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"வந்து நிப்பேன்னு சொன்னீகல்ல?" என்றாள். "அதான் இருந்தேன்."

எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பைக்கில் படிந்திருந்த புழுதியைப் பார்த்தாள், அவ்வளவுதான். இனிமேலும் என்கூட இருப்பாயா என்று கேட்க ஜாஸ்பர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். முடிவு தெரியாமலே, வாழ்க்கையில் முதல் தடவையாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: மேலேயிருந்து இந்த வரிவரை ஒழுங்காகப் படித்து வந்தீர்களா, இல்லை, ஜாய்ஸ் என்ன ஆனாள் என்று முதலிலேயே இங்கே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனீர்களா?