சவால் கட்டத்தில் பாவா

பொறாமை எனக்குப் பிறவிக் குணம் இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆன பிறகு வந்தது. அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். நானும் திருத்தணி மலையடிவாரத்தில் அதே உத்தியோகம்தான். அதே சம்பளம், அதே சத்துணவு முட்டை, அதே ஒழுகும் கூரை. ஆனால் வட்டாரத்தின் சிறந்த பள்ளிக் கேடயம் மட்டும் வருஷா வருஷம் அவர் மேஜைக்கே போகும். அதன் மேல் (வேண்டுமென்றே, என் கண்ணெதிரே) மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி வைப்பார்.

அந்த வருஷம் கேடயம் எனக்குத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆண்டறிக்கையில் அசத்த வேண்டியதுதான் பாக்கி. செல்போனில் நிரப்ப வேண்டிய படிவம். சாதனைகள், சவால்கள், தீர்வு என்று மூன்று கட்டம். தமிழில் தட்டுவதற்கு என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. நாம் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். சாதனைகளைச் சொல்லி முடித்து (ஒன்றே ஒன்று, புதுத் தண்ணீர்த் தொட்டி), சவால் கட்டத்தில் மைக்கை அழுத்தினேன். "கிருத்திகைக்குக் கிருத்திகை பாதிப் பிள்ளைகள் மலைப்பாதையில் பூ விற்கப் போய்விடுகிறார்கள்" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் ஸ்கூல்ல மட்டும் எப்படிங்க எல்லாரும் வராங்க?" என்றாள் மனைவி. (பாவா அவளுக்கு அண்ணன் முறை.)

வந்ததே ஆத்திரம்! "அந்தாளு பேச்ச எடுக்காத! இந்த வட்டாரத்துலயே பெரிய பிரச்சனை இன்னா தெரியுமா? பாவாதான்! கேடயத்துல கண்ணாடிய மாட்டிகினு உக்காந்துனு கீறாரு பாரு, வயிறு எரியுது எனக்கு!"

(மைக் கர்ம சிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.)

எரிச்சலோடு தீர்வுக் கட்டத்தில் மைக்கை அழுத்திவிட்டு, என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அந்த இடைவெளியில் பேசியது மனைவி.

"அண்ணன் ஏழு மணிக்கே தறிக்காரங்க வீடு வீடா போயி பிள்ளைங்கள எழுப்பிக் கூட்டினு வராரு. நீங்க எட்டு மணிக்குப் போர்வைய இழுத்துப் போத்திகினு காபி கேக்கறீங்க. மொதல்ல நீங்க எழுந்திருங்க."

பதிலடி கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பாவாவின் செய்தி: 'அறிக்கை அனுப்பியாச்சு.' இதிலுமா முந்திக்கொள்வார்? படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆய்வுக் கூட்டத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா, "சார், உங்க குரல்தான் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்" என்று எல்லா அறிக்கைகளையும் படிக்கிற பொறுப்பை பாவாவிடமே கொடுத்தார். (அதற்கும் எரிந்தேன்.)

என் பள்ளியின் முறை வந்தது. பூ வியாபாரம் வரைக்கும் கணீரென்று படித்தவர், நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த வட்டாரத்துலயே பெரிய பிரச்சனை இன்னா தெரியுமா? பாவாதான்" என்று தொடர்ந்தார். ஒரு எழுத்து விடவில்லை மனுஷன். வயிறு எரிவதை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். 'தலைமையாசிரியர்' என்பதைப் பத்துத் தடவை சொன்னாலும் தப்பாகவே எழுதுகிற என் போன், இதை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தது.

"தீர்வு" என்றார். போர்வை, காபி எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், "மொதல்ல நீங்க எழுந்திருங்க."

மேடையிலிருந்து சொன்னால் கேட்டுப் பழகிய உடம்பு. எழுந்து நின்றுவிட்டேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா, "சவாலை விடுங்க சார். தீர்வு நல்லா இருக்கு. நாளையிலிருந்து செய்யுங்க" என்றார்.

செய்தேன். முதல் நாள் ஏழு மணிக்குக் கதவைத் தட்டியபோது ஓர் அம்மா, "இன்னா சார், எலெக்‌ஷனா?" என்றாள். கிருத்திகையன்றும் பூக்கூடைக்குப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நிஜமாகவே வகுப்பு நிரம்பியது.

வீட்டில்தான் மானம் போனது போனதுதான். இன்றைக்கும் நான் யாரையாவது குறை சொல்ல ஆரம்பித்தால், "போன் ஆன்ல கீதான்னு பாருங்க" என்கிறாள் மனைவி.

அடுத்த வருஷக் கூட்டத்திலும் அறிக்கைகளைப் பாவாதான் படித்தார். தன் பள்ளியின் சவால் கட்டம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சவால், என் மச்சான். இப்ப அவனும் ஏழு மணிக்கு எழுந்துக்கறான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்!

கேடயமா? அதுவும் அவருக்குத்தான். வாங்கின கையோடு என்னைப் பார்த்துக்கொண்டே அதில் கண்ணாடியை மாட்டினார்.