கொல்லைப்புறத்துக்கு ஒரு கேட் பாஸ்

எல்லப்பனுக்கு அன்று காலையில் சாமி வந்துவிட்டது. வராதா பின்னே? கண்ணுக்குள் வைத்துக் காத்த பப்பாளி! ராத்திரி எதுவோ மரமேறிப் பாதியைக் குடைந்து தின்றிருக்கிறது. அண்ணாந்து பார்த்தவர் மூக்கின் மேலேயே மீதிப் பாதி பொத்தென்று விழுந்தது.

ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனி. அதன் கேட்டில் எல்லப்பன்தான் செக்யூரிட்டி. அவர் கையைக் காட்டினால் கன்டெய்னர் லாரியே மூச்சடக்கி நிற்கும். வல்லக்கோட்டையில் சொந்த வீட்டுக் கொல்லைப்புறத்திலோ, ஓணான்கூட அவரை மதிக்காது. காடு இருந்த இடமெல்லாம் கம்பெனி வந்துவிட்டதா, காட்டில் இருந்ததெல்லாம் இவர் வீட்டுக்கு வந்துவிட்டது. காவலுக்கு ஒரு நாய் உண்டு. பேர் வீரன். திருடன் வந்தால் வாலாட்டி வழிகாட்டும்.

“சுந்தரா! வா இங்க!”

பெண்டாட்டி சுந்தராம்பாள் முருங்கைக்கீரையும் கையுமாக வந்தாள்.

“இன்னாய்யா, மூஞ்சியெல்லாம் மஞ்ச பூசிக்கினு கீற?”

“இன்னிலேர்ந்து கொல்லைக்கும் ரூலுடி! வீரன் கீறான், அதனால நாய் வரலாம். தெருப் புள்ளைங்க ஆடுதுங்க, புள்ளைங்க வரலாம். என் மொபெட் நிக்குது, வண்டி வரலாம். வேற எது கால வச்சாலும் கால ஒடச்சிருவேன்!”

“நாய், புள்ள, வண்டி. அவ்ளோதானே? அப்பால பேச்சு மாற மாட்டியே?”

“கேட்ல நின்னு பழகுன வாய்டி இது. மாறாது. முருகன் மேல சத்தியம்!”

“அது போதும்யா” என்று கீரை ஆயப் போய்விட்டாள். இவ்வளவு லேசில் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. மனுஷன் அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டாமா?

இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம். தடியோடு கொல்லைக் கதவைத் திறந்தார். கொட்டகைப் பரணில் ஒரு மரநாய், குட்டிகளோடு சுகமாகத் தூங்குகிறது. மீசையில் பப்பாளிக் கொட்டை!

“மாட்டினியா, திருடி!”

படி தாண்டுவதற்குள் சுந்தராம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

“அது பேரு இன்னா?”

“மரநாய்!”

“இன்னா நாய்?”

“மர... நாய்.”

“நாய் வரலாம்னு யாருய்யா சொன்னது?”

எல்லப்பன் ஓங்கிய தடியை இறக்கினார். அதற்குள் வீரனின் சோற்றுத் தட்டில் வேறொன்று வாய் வைத்திருந்தது. வீரன் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருந்தான்.

“தோ கீரி! கீரி கீது பார்!”

“முழுப் பேரச் சொல்லு.”

“கீரிப்... புள்ள.”

“புள்ளைய அடிப்பியா, பாவி!”

மொபெட் சீட்டில் தோகையைத் தொங்கவிட்டு ஒரு மயில், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எல்லப்பன் குதித்தார்.

“இப்ப சொல்லு! மயிலு நாயும் இல்ல, புள்ளையும் இல்ல!”

“நீ யார் மேல சத்தியம் பண்ண?”

“முருகன் மேல.”

“அவரு எதுல போவாரு?”

“மயில்ல.”

“அப்ப அது இன்னா?”

“...வண்டி.”

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஐயையோ! எல்லப்பன் இன்னும் லுங்கியில்தான் நிற்கிறார். யூனிபார்ம் கொல்லைக் கொடியில் காய்கிறது. பாய்ந்தார். நிலைப்படியில் சுந்தராம்பாளின் கை விறைப்பாகக் குறுக்கே நீண்டது.

“நில்லுய்யா! ரூலுன்னா ரூலு. நீ எதுல சேர்த்தி?”

பஸ் மறுபடி அலறியது. பிள்ளை என்று சொல்ல நரை விடாது. வண்டி என்று சொல்லச் சக்கரம் கிடையாது.

“லொள்” என்றார் எல்லப்பன்.