ஏரிக்கரையில் இருநூறு துண்டறிக்கைகள்

துண்டறிக்கையை லோவல் ஹாக்கன்சன் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தபோது, ஏரிக்கரையில் இருநூறு வீட்டு வாசலில் அதை வைத்து முடித்திருந்தார்.

மேல்பாதியில் குறையில்லை. மாரிட் ஓஸ்ட்பி, கால்நடை மருத்துவர், பால்பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வேட்பாளர். கீழ்ப்பாதியில்தான் வினை. மாரிட் ஒரே தாளில் இடப்பக்கம் தன் கொள்கைகளையும் வலப்பக்கம் எதிராளியின் கொள்கைகளையும் எழுதிக் கொடுத்திருந்தார். லோவல் வலப்பக்கத்தை அச்சடித்துவிட்டார். ஆக, துண்டறிக்கையின்படி பண்ணைவீட்டு மாரிட் கிராமத்துத் தபால் நிலையங்களை மூடப்போகிறார், பால் விவசாயிகளுக்கான உதவியை நிறுத்தப்போகிறார்.

போன தேர்தலில் கட்சி தோற்றதே நூற்றிருபது ஓட்டில். அது கிடக்கட்டும். ஜனவரிப் பனிப்புயலில் லோவலின் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது, ஆறு மைல் வண்டி ஓட்டி வந்து இரண்டு உயிரையும் காப்பாற்றியவர் மாரிட். அந்த நன்றிக்குத்தான் இவர் பிரசாரத்துக்கே வந்தார். காட்டிய நன்றி இதுவா என்று மனம் குமைந்தது.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

"எங்க துண்டறிக்கையைப் படிச்சீங்களா?"

"இல்லையே, குப்பையில போட்டுட்டேன்," என்றார் முதல் வீட்டுக்காரர்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் லோவல் மனதார.

"ஏன், அதுல என்ன இருக்கு?" அவர் தொட்டியைக் கிளறித் தாளை எடுத்தார், கண்ணாடியைத் தேடி மாட்டினார், ஒரு வரி விடாமல் படித்தார்.

அடுத்த வீடு தொடங்கி லோவல் காரணம் சொல்லாமல் தாளை மட்டும் திருப்பிக் கேட்டார். டாக்டரம்மாவைப் பற்றி எதையோ மறைக்கிறார்கள் என்று கரை முழுக்க போன் பறந்தது. எட்டாவது வீட்டுக்குப் போவதற்குள் எல்லோரும் தாளும் கையுமாக வாசலில் நின்றார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. காபி கொடுத்தார்கள். லோவல் ஒவ்வொருவரிடமும் மன்னிப்பு கேட்டுக்கொண்டே குடித்தார்.

வேறு வழியில்லாமல் மாரிட்டைக் கூப்பிட்டார். அவர் தொழுவத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார்.

"நல்லா திட்டிடுங்க டாக்டர்."

"அதுக்கு நேரமில்ல லோவல். இந்தக் குளிர்ல தினம் வந்து நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறந்துடுவேனா? வாங்க, பேசிப் பார்க்கலாம்."

வெர்னா டோலஃப்சன் வீட்டுச் சமையலறையில் அக்கம்பக்கமே கூடியிருந்தது. அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்த பெரிய தட்டு இறங்கியது. மாரிட் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் நின்று பேசினார்.

"அப்போ தபால் ஆபீஸை மூடமாட்டீங்க?" என்றார் ஒரு கிழவர்.

"மூட விடமாட்டேன். எங்கப்பாவுக்கு மாத்திரையே அது வழியாத்தான் வருது."

கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். லோவலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பு முழுக்க என்னோடது. இவ்வளவு பொறுமையா கேட்டீங்களே, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஓட்டு மட்டும் டாக்டருக்குப் போட்டுடுங்க."

அறையில் எல்லோரும் அவரவர் காபியைப் பார்த்தார்கள். மீந்த சாப்பாட்டை டப்பாவில் வைத்து லோவலிடம் நீட்டினார் வெர்னா.

"போட ஆசைதான். ஆனா போன வருஷம் தொகுதி எல்லைக் கோட்டை மாத்தி வரைஞ்சதுல ஏரிக்கு இந்தப் பக்கம் மொத்தமும் அடுத்த தொகுதிக்குப் போயிடுச்சு. இவ்வளவு மரியாதையா மன்னிப்பு கேக்கிற மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலேர்ந்து யாருக்கும் தெரியல."